ஒன்றும் வளராத தட்டுகள்

ஜனவரி 6, திங்கள்

ஆய்வகத்தைத் திறந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் இன்குபேட்டரிடம் ஓடினேன். சனிக்கிழமை சால்மொனெல்லா தடவி வைத்த தட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓம எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் நனைத்த ஒரு காகித வில்லை. அதைச் சுற்றி, குழந்தை வளையல் அகலத்துக்கு, பளிச்சென்று வெறும் வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒரு கிருமி உயிரோடு இல்லை.

பதினொரு வருடமாக இந்தக் கோழிக்கறி ஆலையில் தரச்சோதனைப் பொறுப்பில் இருக்கிறேன். ஒரு நாளைக்குப் பதினாலாயிரம் கோழி. வெட்டிச் சுத்தம் செய்து, குளிர்ந்த குளோரின் தண்ணீர்த் தொட்டியில் போட்டெடுத்து, பாக்கெட் செய்து கோவை, திருப்பூர்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் புதிதாக ஒன்று கண்டுபிடி என்று கேட்டதில்லை. போன மாதம்தான் முதலாளி கேட்டார். "ஏனம்மிணி, குளோரின் இல்லாம, நாம திங்கற பொருளையே வச்சுக் கிருமியக் கொல்ல வழி இருக்குதா?"

இருக்கிறது என்று சொன்னேன். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து நான் பாதியில் விட்ட ஆராய்ச்சியே அதுதான். அண்ணன் இறந்த வருடம் அது. அந்தப் பழைய நோட்டை இன்று மறுபடி வெளியே எடுத்தேன். அட்டை பூச்சி அரித்திருக்கிறது. உள்ளே எழுத்து அப்படியே இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

சின்னத் தொட்டி ஒன்றில் குளோரினை நிறுத்திவிட்டு எண்ணெய்க் கலவையை ஊற்றினோம். எண்ணெய் தண்ணீரோடு கலப்பதற்குக் கருவேலம் பிசின் சேர்த்திருக்கிறேன். தண்ணீர் மோர் நிறத்துக்கு வந்தது. ஆலை முழுக்க ஓமத் திரவம் குடித்த குழந்தையின் வாய் மணம்.

இருபது கோழிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பையில் போட்டு, கழுவு திரவம் ஊற்றிக் குலுக்கி, அந்தத் திரவத்தைச் சோதனைக்கு வைத்தேன். வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டார் போடவில்லை. இரண்டு குடம் சுமந்தேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. விடுமுறைதான். ஆனாலும் போனேன். இருபது மாதிரியிலும் சால்மொனெல்லா இல்லை. இருபதிலும்!

முதலாளி வீட்டுக்கே போய்ச் சொன்னேன். சென்னியப்பன் என்ற பெயருக்கு ஏற்ற மாதிரி வாசலிலேயே திருநீறோடு நின்றிருந்தார். "நீ கண்டுபுடிச்சதாக்கும் இது. பாக்கெட்டுல உன்ற பேரப் போடோணும்னாலும் போட்டர்லாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு சின்ன விஷயம், மறக்காமல் இருக்க எழுதுகிறேன். கோழித் தோலில் ஒட்டியிருக்கும் எண்ணெய் கழுவு திரவத்திலும் கொஞ்சம் வந்துவிடும். அதை முறிக்கிற ஒரு திரவம் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். சேர்க்காவிட்டால் கிருமி சாகாமல் வளர்ச்சி நின்று கிடந்தாலும் செத்துவிட்டது போலவே தெரியும். அந்த முறிப்புத் திரவம் நம்மிடம் இல்லை. மும்பையிலிருந்து வர வேண்டும், ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம். அவசரமில்லை.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்து முதல் நாள். தொட்டிப் பொறுப்பாளர் தங்கமுத்து அண்ணன் ஆய்வகத்துக்கு வந்து நின்றார். எப்போதும் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போகிறவர்.

"மேடம், ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்கல்ல?"

"சொல்லுங்கண்ணா."

"எண்ணெய் தண்ணியில நிக்கறதில்லீங்க. காலையில ஊத்துறோம். ஆயிரம் கோழி எறங்குனதும் பூராவும் கொழுப்புல போயி ஒட்டிக்குது. தண்ணிய மோந்து பாத்தா வாசமே இல்லை. கோழிய மோந்து பாத்தாத்தான் வாசம் வருது."

கோழியில் இருந்தால் நல்லதுதானே என்றேன்.

"அது என்னமோங்க. குளோரினுன்னா கண்ணு எரியும், இருக்குதுன்னு தெரியும். இது சாமி கும்புடற மாதிரி இருக்குது. ஊத்திப்போட்டு நம்பிட்டு இருக்கோணும்."

அவருக்கு நன்றி சொல்லி அனுப்பினேன். இரண்டாவது தொகுப்பு மாதிரியும் சுத்தம்.

ஜனவரி 20, திங்கள்

முதலாளி வீட்டில் குழம்பு வைத்துப் பார்த்தார்களாம். "கறி நல்லாருக்குது, ஆனா மாந்தத்துக்கு மருந்து குடிச்சாப்ல இருக்குது" என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். எண்ணெயைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். வெள்ளியன்று குறைத்த தொட்டி மாதிரிகளை இன்று பார்த்தேன்.

அதுவும் சுத்தம்.

கொஞ்ச நேரம் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சால்மொனெல்லாவுக்கு மட்டுமல்ல, மொத்தக் கிருமி எண்ணிக்கைக்கு வைத்த தட்டுகளும் வெறுமையாக இருந்தன. பச்சைக் கோழியில் ஏதாவது இருக்கும். கறியைக் கெடுக்காத, ஆளுக்கு ஒன்றும் செய்யாத சாதுக் கிருமிகளாவது நாலு புள்ளி வைக்கும். பதினொரு வருடத்தில் இப்படித் துடைத்துவிட்ட மாதிரி தட்டை நான் பார்த்ததில்லை.

அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

ஜனவரி 22, புதன்

மும்பைப் பார்சல் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி மேசைக்கு அடியில் வைத்தேன். திங்கள் அன்று கடைகளுக்கு அனுப்புகிறோம். ஸ்டிக்கர், அட்டை எல்லாம் அச்சாகிவிட்டது. பல்லுக்கு ரூட் கெனால் செய்த இடம் மறுபடி வலிக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

முதல் வண்டி கிளம்பிற்று. முதலாளி தேங்காய் உடைத்தார். பச்சை அட்டை, நடுவில் ஓமப் பூங்கொத்து. "ரசாயனம் தொடாத கோழி. கழுவ வேண்டாம், அப்படியே சமைக்கலாம்." அந்தக் கடைசி வரி விளம்பரக்காரர் சேர்த்தது. என்னிடம் காட்டித்தான் சேர்த்தார்.

மாலை நங்கை பேசினார்கள். நங்கை என்றால் என் அண்ணன் மனைவி, சுலோச்சனா. அண்ணன் போன பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்களுக்கு விடுதியும் மெஸ்ஸும் நடத்துகிறார்கள். அறுபத்திரண்டு பெண்கள். எனக்கு இருக்கிற உறவு அவர்கள் ஒருவர்தான்.

"நீ என்னமோ மருந்தில்லாக் கோழி கண்டுபுடிச்சிருக்கறையாமா? பேப்பர்ல போட்டிருக்குதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எனக்கு அனுப்ப மாட்டயா?"

"ஞாயித்துக்கிழமைக்கு அனுப்பறேனுங்க நங்கை."

"கழுவாம எப்புடி ஆக்கறது? மனசு கேக்காது."

"அப்படியே போடலாங்க. நான் சோதிச்சதுதான்."

"அப்பச் சரி. நீ சொன்னாச் சரி."

பிப்ரவரி 1, சனி

பதினெட்டுக் கிலோ விடுதிக்கு அனுப்பினேன். நானே பார்த்துப் பொறுக்கினது.

பிப்ரவரி 2, ஞாயிறு

துணி துவைத்தேன். நங்கை ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்கள். நீள மேசையில் பெண்கள் இலை முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். கோழி வறுவல், பக்கத்தில் வெங்காயப் பச்சடி.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை ஏழரைக்கு நங்கை. குரலே வேறு மாதிரி இருந்தது.

"வாணி, புள்ளைங்க நேத்து மத்தியானத்துல இருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு வாந்தி. பத்தொம்பது பேரு. காய்ச்சல். ரெண்டு பேரு எந்திரிக்கவே முடியல. என்ன பண்றதுன்னே தெரியல."

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொன்னேன். தண்ணீரால்தான் இருக்கும், தொட்டியைப் பாருங்கள் என்றேன்.

தண்ணீராலும் இருக்கலாம்.

பிப்ரவரி 5, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினெட்டுப் பேர் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வாசல் வராந்தாவரை படுத்திருந்தார்கள். ஒருத்தியை மட்டும் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். அமுதவல்லி, வயது இருபது, கள்ளக்குறிச்சிப் பக்கம். செக்கிங் பிரிவில் வேலை. ஏற்கனவே ரத்தசோகையாம். கிருமி வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போய்விட்டது போலிருக்கிறது என்று நர்ஸ் சொன்னார்.

விடுதிக்குப் போனபோது அடுப்படிக்குச் சீல் வைத்திருந்தார்கள். அதிகாரிகள் தண்ணீர், பருப்பு, மிச்சம் இருந்த பச்சடி எல்லாம் எடுத்துப் போனார்களாம். கறி மிச்சம் இல்லை. தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் சித்தப்பா நங்கையைக் கையை நீட்டிப் பேசினார். நங்கை தலையைக் குனிந்து நின்றார்கள்.

உள்ளே வந்ததும் என்னிடம் மெல்லக் கேட்டார்கள். "சமையக்காரம்மா கோழிய வெட்டுன பலகையிலயே வெங்காயத்த அரிஞ்சுட்டாளாமா. கழுவ வேண்டாத கோழிதானே, சுத்தமானதுதானேன்னு. அதுனால ஏதாச்சும் ஆயிருக்குமா?"

"அதெல்லாம் இருக்காதுங்க" என்றேன்.

நேராக ஆலைக்கு வந்தேன். மேசைக்கு அடியிலிருந்த பார்சலைப் பிரித்தேன். ஒவ்வொரு நாள் சரக்கிலிருந்தும் இரண்டு பாக்கெட் எடுத்து வைக்கும் பழக்கம் உண்டு. சனிக்கிழமைப் பாக்கெட் ஒன்றிலிருந்த கோழியை இரண்டாகப் பிளந்தேன். ஒரு மாதிரிக்கு வழக்கமான கழுவு திரவம், இன்னொன்றுக்கு முறிப்புத் திரவம் கலந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு குழாய் கைதவறி உடைந்தது. மறுபடி செய்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

முதலாளி கூப்பிட்டார். விடுதி விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"உங்க நங்கை மெஸ்ஸாமா அது? பாவம். நம்ம கோழி போயிருக்குதா அங்க?"

"போயிருக்குதுங்க."

"நம்ம ரிப்போர்ட்டு சுத்தமா இருக்குதல்ல?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்ன. அடுப்படிய ஒழுங்கா வச்சுக்கலீன்னா நாம என்ன பண்றது. நீ அதையே நெனச்சுட்டு இருக்காத, அம்மிணி. நம்ம கோழி வேணும்னு சென்னைக் கடைக்காரங்க வர்ற வாரம் ஆலையப் பாக்க வர்றாங்க."

இன்றும் வண்டிகள் போயின.

பிப்ரவரி 8, சனி

இடது கைத் தட்டு, வழக்கமான திரவத்தில் வைத்தது, எப்போதும்போலச் சுத்தம்.

வலது கைத் தட்டு, முறிப்புத் திரவம் கலந்தது, முழுக்கக் கறுப்பு மையம் வைத்த சிவப்புப் புள்ளிகள், சால்மொனெல்லா. எண்ண முடியவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம்வரை.

ஒரே கோழி. எண்ணெய் கிருமியைக் கொல்லவில்லை. தோலில் ஒட்டிக்கொண்டு என் சோதனைக் குழாய்வரை கூடவே வந்து, அங்கே மட்டும் கிருமியை அமுக்கி வைத்திருக்கிறது. சட்டியில் சூடு கிருமியைக் கொன்றுவிடும். பலகையில், கத்தியில், வெங்காயத்தில் கிருமிக்கு எந்தத் தடையும் இல்லை.

மார்கழியில் நம் பண்ணைகளிலிருந்து எடுத்த சால்மொனெல்லாவை எந்தெந்த ஆன்டிபயாடிக் கொல்லும், எது கொல்லாது என்று சோதித்து வைத்த கோப்பை எடுத்தேன். இன்றைய கிருமியையும் ஒப்பிட்டேன். அதே வகைதான் என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் முதலில் கொடுப்பார்களே, அந்த ஊசி இதை ஒன்றும் செய்யாது. இன்னொரு ஊசி கொல்லும்.

அமுதவல்லிக்கு எந்த ஊசி போடுகிறார்கள் என்று நங்கையிடம் போனில் கேட்டேன். சீட்டைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். முதலில் சொன்ன ஊசிதான். காய்ச்சல் நூற்று நாலிலிருந்து இறங்கவில்லையாம். காய்ச்சல் வந்த அன்றே அந்தப் பெண் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டதால் ரத்தப் பரிசோதனையில் கிருமி வளரவே இல்லையாம். எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டர்கள் யோசிக்கிறார்களாம்.

கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்வை நேரம் முடிந்திருந்தது. திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மறுபடி போனேன். அந்த வார்டு முன்னால் கூட்டம். ஊரிலிருந்து அமுதவல்லியின் அம்மா வந்திருக்கிறாள். பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வேலையாக இருந்தார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கோப்பு நகலில் ஆலையின் பெயர் மேலே அச்சாகியிருக்கிறது. பெயர் இல்லாமல் வேறு தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

பெயர் இல்லாத தாளில் எழுதிக்கொண்டு காலை எட்டு மணிக்கே போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் பெயர் நஸ்ரின். என்னைவிடச் சின்னவர். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நான் கோழிக் கிருமி சோதிக்கிற வேலையில இருக்கேன் டாக்டர். இந்தப் பக்கம் பண்ணைகள்ல இருக்கற சால்மொனெல்லா இந்த வகை. நீங்க குடுக்கற ஊசி இதுக்குக் கேக்காது. இது கேக்கும்."

அவர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "இதை யாரு சோதிச்சது?"

"நான்தான்."

"இந்தப் பொண்ணு சாப்பிட்ட கோழியிலயே இது இருந்துச்சா?"

"இந்தப் பக்கம் பொதுவா இருக்கறதுங்க."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இன்னிக்குத்தான் கோப்பப் பாத்தேன்."

அவர் என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு ஊசியை மாற்றச் சொன்னார். நான் வெளியே வந்தேன். வழியில் இளநீர் குடித்தேன். 

பிப்ரவரி 11, செவ்வாய்

முதலாளியிடம் இரண்டு தட்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நல்ல மனிதர். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதை வேற யாரு பாத்தது?"

"யாரும் பாக்கலீங்க."

"இன்னிக்கே பழையபடி குளோரினுக்கு மாத்திக்கலாம். சத்தமில்லாம. அட்டையையும் மெல்ல மாத்திக்கலாம்."

"கடைக்குப் போனது?"

"அஞ்சு நாளுதான் தாங்கற சரக்கும்மா அது. பாதிக்கு மேல தின்னு முடிச்சிருப்பாங்க. இப்பப் போயி திருப்பிக் கேட்டா ஊரே பயந்துரும். எண்ணூறு குடும்பம் நம்மள நம்பி இருக்குது." கொஞ்ச நேரம் கழித்து, "உங்க நங்கைக்கு வேற எடத்துல மெஸ்ஸு வச்சுக் குடுக்கறது என்ற பொறுப்பு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். மனசுல போட்டுக்காத" என்றார்.

என் கையைத் தட்டிக்கொடுத்தார். அப்பா இருந்தால் அப்படித்தான் தட்டியிருப்பார் என்று தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

தங்கமுத்து அண்ணன் தொட்டியில் குளோரின் ஊற்றும்போது என்னைப் பார்த்தார். 

பிப்ரவரி 13, வியாழன்

அமுதவல்லிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டார்களாம். நங்கை போனில் அழுதார்கள். ஆனால் கிருமி இடுப்பு மூட்டுக்குள் போய்ச் சீழ் வைத்துவிட்டது. நேற்று திறந்து எடுத்தார்களாம். நடப்பாள், நொண்டாமல் நடப்பாளா என்பது இப்போது சொல்ல முடியாது.

கோவையிலிருந்து ஒரு கடைக்காரர் பேசினார். வாங்கிய வீடொன்றில் வயதானவர் ஒருவருக்குப் பேதியாம், அவருக்கு வேறு வியாதிகளும் உண்டாம், சும்மா தகவலுக்குச் சொன்னாராம். எழுதிக்கொண்டேன். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. பிறகு கேட்க நினைத்துத் திரும்ப அடித்தபோது எடுக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

நங்கையின் மேல் வழக்குப் போடப் போவதாக அந்தச் சித்தப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். "அசுத்தமான சமையலறை" என்று. விடுதியிலிருந்து நாற்பது பெண்கள் காலி செய்துவிட்டார்கள். நங்கை பலகையை வெளியே எடுத்துப்போட்டுச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சீல் வைக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டார்களாம். தேய்த்துத் தேய்த்து மரம் வெளுத்துவிட்டது.

"எனக்கு இத்தன வருசமா ஒரு புள்ளைக்கும் வயித்துவலி வந்ததில்ல, வாணி. நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு சொல்லு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே."

பஸ் வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ் இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் இரண்டு தட்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டேன். மார்கழிக் கோப்பு, ஜனவரி முழுக்கச் சுத்தம் என்று வந்த முடிவுகள், பார்சல் ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எங்கெங்கே சரக்குப் போனது என்ற பட்டியலும் கொடுத்தேன். அதிகாரி படித்து முடித்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தார். மத்தியானத்துக்குள் ஆலை வாசலில் அதிகாரிகள் வண்டி நின்றதாகத் தங்கமுத்து அண்ணன் செய்தி அனுப்பினார். முதலாளியிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. மறுபடி வரவில்லை.

பிறகு நங்கையிடம் போனேன். நின்றுகொண்டே சொன்னேன், ஜனவரியிலிருந்து. அவர்கள் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள்.  நான் முடித்ததும் எழுந்து போய்ச் சொட்டுகிற குழாயை இறுக்கினார்கள்.

"பலகையப் பத்திக் கேட்டேனே, அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சுங்க."

"நான் இந்தப் பத்துப் பன்னெண்டு நாளா அந்தச் சமையக்காரியத் திட்டாத திட்டில்ல. அவ ஊருக்கே போயிட்டா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "என்கிட்டச் சொன்னா ஆச்சா? நான் உன்ற சொந்தம். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு மறந்துருவேன். கெளம்பு. அந்தப் புள்ளையோட அம்மாகிட்டச் சொல்லோணும்."

ஆட்டோவில் என் பக்கம் திரும்பவே இல்லை.

அமுதவல்லியைப் பொது வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். காலில் எடை கட்டி நீட்டி வைத்திருக்கிறார்கள். தூங்கிக்கொண்டிருந்தாள். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்த முகமா என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா பெயர் அஞ்சலை. நங்கை என்னைக் கோழிக் கிருமி சோதிக்கிறவள் என்று சொன்னதும் சடாரென்று எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க கொண்டாந்து குடுத்த சீட்டுலதான் எம் பொண்ணு பொழைச்சுதுன்னு. நீங்க நல்லா இருக்கணும். எங்க குலசாமி மாதிரி வந்தீங்க."

"அம்மா, அந்தக் கோழி எங்க கம்பெனிக் கோழி. நான்தான் இவங்க மெஸ்ஸுக்கு அனுப்பினேன்."

"நல்ல எண்ணத்துலதான அனுப்பியிருப்பீங்க. உங்களுக்கு என்னா தெரியும். எங்க தலையெழுத்து." கையை விடவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலம் நிலக்கடலை எடுத்து என் கையில் வைத்தாள். "எங்க கொல்லையில வெளஞ்சதுங்க. வேற ஒண்ணும் கொண்டார முடியல."

நங்கை கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் சூடாக இருந்தது, அவள் மடியிலேயே வைத்திருந்ததால்.

மறுபடி சொன்னேன்.

"எனக்குத் தெரியும்மா. அந்தக் கோழி சுத்தமான்னு சரியாச் சோதிக்கற மருந்து எங்கிட்டப் பத்து நாளா இருந்துச்சு. சோதிச்சா தப்புன்னு வந்துருமோன்னு சோதிக்காம விட்டுட்டேன். அப்பறம் இவளுக்கு எந்த ஊசி கேக்கும்னு தெரிஞ்சும் ரெண்டு நாள் சொல்லாம இருந்தேன். இந்த வாசல் வரைக்கும் வந்தேன். உங்களையும் அந்த பெஞ்சில பாத்தேன். பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

இந்த முறை புரிந்தது. முகம் மாறவில்லை. கை மட்டும் மெல்ல என் கையிலிருந்து கழன்றது.

"எந்த ரெண்டு நாளு?"

"சனி, ஞாயிறு. போன வாரத்துக்கு முன்ன வாரம்."

அஞ்சலை உதட்டுக்குள் நாள் எண்ணினாள். பிறகு மகளின் இடுப்புக் கட்டைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலந்தான் இடுப்பு வலிக்குதும்மான்னு சொன்னா. அதுக்கு முன்னால அந்த வலி இல்ல."

 பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரிக்கும் வாசனை. அமுதவல்லி கண்ணைத் திறந்தாள். அவள் பார்வை அம்மாவையும் நங்கையையும் கடந்து என்மேல் வந்து நின்றது.

"யாரும்மா வந்திருக்கிறது?"

அஞ்சலை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே போர்வையை மகளின் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"கோழிக் கம்பெனிக்காரங்க" என்றாள்.